பயிர் நடக்கத் தொடங்கியது எப்படி?

வேருக்கு வாயும் மண்ணுக்குச் செவியும் இருந்த அந்தக் காலத்தில், விதைக்கிற பயிரை யாரும் மாற்றியதில்லை. மனிதர்கள்தாம் இடம் மாறினார்கள். ராகி விதைக்கிற கூட்டம் தலைமுறை தலைமுறையாக ராகியையே விதைத்தது. கொள்ளு விதைக்கிற கூட்டம் வேறு எந்த விதையையும் கையால் தொட்டதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் கொத்து என்று பெயர். கொத்தை நடத்துகிறவர் கொத்துக்காரர். ஒரு நிலத்தில் இரண்டு வெள்ளாமை எடுப்பார்கள். அதற்குள் மண் இளைத்துவிடும். உடனே வண்டி கட்டிக்கொண்டு அடுத்த நிலம் தேடிப் புறப்பட்டுவிடுவார்கள்.

அப்படி அலைந்த கொத்துகளில் மஞ்சள் கொத்தும் ஒன்று. அந்தக் கொத்தில் வாழ்க்கைப்பட்டவள் பாவாத்தாள். நகக்கண் முதல் முழங்கை வரை மஞ்சள் ஏறிய கைகள் அவளுக்கு. கணவன் ராக்கியண்ணன் அதிகம் பேசாதவன். பேசினால் எதிரே இருப்பவர் சிரிக்காமல் இருக்க முடியாது.

அவர்கள் தங்கியிருந்த நிலத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு வெள்வேல மரம் நின்றது. இரண்டாம் வெள்ளாமையின்போது, மார்கழி மாதத்தில், பாவாத்தாளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒன்பது நாள் இருந்தது. பெயரிடுவதற்குள் போய்விட்டது. அந்த மரத்தடியில்தான் குழந்தையை அடக்கம் செய்தார்கள்.

தை பிறந்தது. மஞ்சளைத் தோண்டி, வேகவைத்து, உலர்த்தி மூட்டை கட்டினார்கள். வழக்கம்போல் புறப்பாட்டுக்காக வண்டி அச்சுகளுக்கு மை போடத் தொடங்கினார் கொத்துக்காரர் செங்கோடன். பாவாத்தாள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, நான் வரலீங்க."

"வராம? இங்கேயே காவலுக்கு நிற்கப் போறியா?"

"ஆமாங்க. என்ற பொண்ணு இங்கதான இருக்கறா? ஒன்பது நாள்தான் மடியில வெச்சிருந்தேன். மண்ணுக்குள்ள வெச்சுட்டு, திரும்பிப் பார்க்காம வண்டி ஏறச் சொன்னா எப்படிங்க?"

செங்கோடன் கையிலிருந்த மையைத் துணியில் துடைத்துக்கொண்டார். அவரும் நான்கு ஊர்களில் நான்கு பேரைப் புதைத்துவிட்டு வந்தவர்தாம். இருந்தாலும் கொத்து என்று ஒன்று இருக்கிறதே.

"இளைச்ச மண்ணுல எதைத் தின்னு இருப்பே அம்மிணி? சரி, ஒண்ணு சொல்றேன். உன்ற வயல்ல மூணாம் வெள்ளாமையா மஞ்சள் எடுத்துக் காட்டு. அதுவரைக்கும் நாங்க ஆத்தோரமா கிடைக்கிற துண்டு நிலத்துல வெச்சுக்கறோம். கிழங்கு நல்லா வந்தா, கொத்து மொத்தமும் இங்கேயே தங்கும். அழுகிப் போச்சுன்னா மறுபேச்சில்லாம வண்டி ஏறணும். வாக்குக் குடுக்கறியா?"

"குடுத்தேனுங்க."

அவள் வாக்குக் கொடுத்த செய்தியை வீட்டுக்கு வந்துதான் கணவனிடம் சொன்னாள். "என்னையக் கேட்டிருக்கலாமே" என்றான் அவன். "கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?" என்றாள். "குடுன்னுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கலாம்."

பாவாத்தாளுக்குச் சுத்தம் உயிர். ஊறுகாய்ச் சட்டியில் இம்மியளவு வெள்ளை பூத்தாலும், சட்டியை மூன்று முறை கழுவி, வெயிலில் கவிழ்த்து, சுண்ணாம்பு தடவி வைக்கிறவள். அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கி ஒரு கொத்துக் கொத்தினாள். மண்கட்டி உடைந்தது. உள்ளே, சிலந்தி இழை போல, வெள்ளை வெள்ளையாக நூல் ஓடியிருந்தது.

"ஐயே! மண்ணே பூசணம் பிடிச்சுக் கிடக்குது" என்று முகம் சுளித்தாள். "இதனாலதான் நிலம் இளைச்சிருக்குது."

அந்த நூல்கள் நூலியர் எனப்படும் பூஞ்சைப் பெண்கள். ஒருத்தி கல்லைச் சுவைத்து அதன் சத்தைக் கரைத்து வேருக்குக் கொண்டு வருவாள். ஒருத்தி வேர் எட்டாத ஆழத்திலிருந்து ஈரம் இழுத்து வருவாள். ஒருத்தி உதிர்ந்த சருகை உண்டு மண்ணாக்குவாள். கைம்மாறாக வேர்கள் அவர்களுக்கு இனிப்பு ஊட்டும். எல்லோருக்கும் மூத்தவள் வெண்ணூலி. எல்லோருக்கும் இளையவள் அழுகினி. அவளுக்குக் கிழங்கென்றால் கொள்ளை ஆசை. ஆனால் பந்தியில் அத்தனை பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது அவளுக்கு ஒரு வாய்க்கு மேல் கிடைத்ததில்லை.

"தாயி, மெல்லக் கொத்து" என்று மண்ணிலிருந்து மெல்லிய குரல் வந்தது. வெண்ணூலிதான் பேசினாள். "நாங்க அழுக்கில்லை. வேரோட விரல் பிடிச்சு நடக்கறவங்க."

"பூசணம் பூத்த எதையும் நான் வீட்டுல வெச்சுக்கிட்டதில்லை" என்றாள் பாவாத்தாள். "வயல்லயும் வெச்சுக்க மாட்டேன். கிளம்புங்க."

"ஏற்கெனவே எங்கள்ல பாதிப் பேரு பசியில கிடக்கறோம். நீ—"

அவள் காது கொடுத்தால்தானே! குழந்தையின் பக்கத்தில் இருந்துவிட வேண்டும் என்ற ஒரே நினைவு அவளைப் பிடித்து ஆட்டியது. மாசி முழுவதும் வயலைக் கொத்திக் கொத்திப் புரட்டினாள். பங்குனி வெயிலில் மண்ணைக் காயப்போட்டாள். தாளையும் சருகையும் குவித்து, வயல் முழுவதும் பரப்பி, தீ வைத்தாள். சாம்பல் ஆறியதும் கூடை கூடையாகச் சுண்ணாம்பைத் தூவினாள். வெண்ணூலின் சுவடே இல்லாமல் வயல் கழுவிய தட்டைப் போல் கிடந்தது.

"அடேங்கப்பா!" என்றான் ராக்கியண்ணன், வரப்பில் நின்றபடி. "இலை போடாமலே சாப்பிடலாம் போல இருக்குது."

அவன் சிரித்தான், அவளும் சிரித்தாள். குழந்தை போன பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

வைகாசியில் மண்ணை மேட்டு வரிசைகளாகப் பார் அணைத்து, விதை மஞ்சள் வைத்தார்கள். ஆடியில் இலைகள் முழங்கால் உயரம் வந்தன. ஆவணி கழிந்து புரட்டாசி மழை பிடித்துக்கொண்டதும் ஓரிலை பழுத்தது. மறுநாள் பத்து இலை. பிறகு பார் பாராக, ஈரத்துணி போலப் பயிர் தலை தொங்கியது. பாவாத்தாள் ஒரு செடியைப் பிடித்து இழுத்தாள். இழுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. தானாகக் கையோடு வந்தது. அடியில் கிழங்கு கொழகொழத்து, தொட்டால் விரல் உள்ளே போயிற்று.

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சேற்றுக்குள்ளிருந்து யாரோ விசும்பும் ஒலி கேட்டது.

"யாரது?"

"நான்தான், அழுகினி."

"பாவி! நீதான் தின்னியா? என்ற மஞ்சள் மொத்தத்தையும் தின்னுட்டு, அழுகை வேற அழறியா?"

"தின்னேன்தான்" என்றது குரல். "என்ன பண்ணச் சொல்றே? நீ தீ வெச்சப்ப அக்காமாருங்கள்ல பாதிப் பேரு கருகிட்டாங்க. மிச்சப் பேரு ஓடிட்டாங்க. நான் கெட்டி விதையாச் சுருண்டு தூங்கிட்டேன். கண்ணு முழிச்சுப் பார்த்தா, அவ்வளவு பெரிய பந்தியில நான் ஒருத்தி. கண்ணுக்கு எதுத்தாப்பல மஞ்சள், மஞ்சள், மஞ்சள். முன்னேயெல்லாம் 'போதும் எழுந்திருடி'ன்னு சொல்ல வெண்ணூலி அக்கா இருந்தா. இப்ப யாரு இருக்கறா? நிறுத்தத் தெரியலை. தனியாத் தின்னா செரிக்கவும் மாட்டேங்குது."

பாவாத்தாள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. பெருந்தீனி தின்ற குரல் அன்று அது. துணைக்கு ஆளில்லாமல் இருட்டுக்குள் மாட்டிக்கொண்ட சின்னப் பிள்ளையின் குரல். அத்தகைய குரல் ஒன்றைக் கேட்டுவிட்டு அடிப்பதற்கு அவளால் முடியவில்லை.

"ஓடினவங்க எங்கே இருக்கறாங்க?" என்றாள்.

"நீ கொத்தாத இடம் ஒண்ணே ஒண்ணுதானே இருக்குது."

பாவாத்தாளுக்குப் புரிந்தது. எழுந்து, சேற்றுக் காலோடு வெள்வேல மரத்தை நோக்கி நடந்தாள். அந்த மரத்தடியில் மட்டும் அவள் களைக்கொத்தை வைக்கவில்லை. வைக்க மனம் வரவில்லை. அங்கே தும்பை பூத்திருந்தது. அறுகும் ஆவாரையும் காட்டுக் கொள்ளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. சருகை மெல்ல விலக்கினாள். ஈரமண்ணில், நெசவு போல, வெண்ணூல் நெருக்கமாக ஓடியிருந்தது. குழந்தையை வைத்த இடத்தைச் சுற்றித்தான் அது மிகவும் நெருங்கியிருந்தது.

"வா தாயி" என்றாள் வெண்ணூலி. "உட்காரு. நெருப்புக்குப் பயந்து இங்கே வந்தோம். வந்த இடத்துல உன்ற பொண்ணு இருந்தா. தனியா இருந்தா. சுத்தி உட்கார்ந்துக்கிட்டோம்."

பாவாத்தாள் உட்கார்ந்தாள். பிறகு மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள். ஒன்பது மாதமாகச் சேர்த்து வைத்திருந்த அழுகையை அங்கேதான் அழுது முடித்தாள். நூலியர் யாரும் அவளைத் தேற்றவில்லை; ஆனால் அவள் கன்னத்தின் கீழே மண் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது.

"திரும்பி வந்துருங்க" என்றாள் கடைசியில். "இனிமே தீ வைக்க மாட்டேன். சுண்ணாம்பும் தூவ மாட்டேன்."

"தீ மட்டுமா காரணம்? நீ தீ வைக்கறதுக்கு முன்னாலயே பாதிப் பேரு பட்டினிதான். எங்கள்ல ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு வேர்தான் பிடிக்கும். ஒருத்தி கொள்ளு வேரைத் தேடுவா. ஒருத்தி ராகி வேர் இல்லாம இருக்க மாட்டா. ஒருத்திக்கு எள்ளு. நீங்க வருஷா வருஷம் ஒரே வேரை வெச்சா, அது பிடிச்சவங்க மட்டும் பெருத்துப் போறாங்க; மத்தவங்க செத்துப் போறாங்க."

"நாங்க மஞ்சள் கொத்து. வேற விதையைத் தொடக் கூடாதே!"

"அப்ப நீங்க நடந்துக்கிட்டே இருங்க தாயி. நடக்கறவங்களுக்கு ஒரு பயிர் போதும். நீ இருக்கணும்னா, பயிர் நடக்கணும்."

மறுநாளே பாவாத்தாள் ஆற்றுக்கு அப்பால் கூடாரமிட்டிருந்த கொள்ளுக் கொத்துக்குப் போய், முறத்தை நீட்டி விதை கேட்டாள். அங்கே புடைத்துக்கொண்டிருந்த ஒருத்தி அவளுடைய கையின் நிறத்தைப் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தாள்.

"மஞ்சள் கொத்துக்காரிக்குக் கொள்ளு விதை எதுக்கு அம்மிணி? மூஞ்சியில பூசிக் குளிக்கவா?"

"பூசிப் பார்த்துட்டு நல்லா இருந்தா உனக்கும் சொல்லியனுப்பறேன்" என்றாள் பாவாத்தாள். சிரித்தவள் முறம் நிறையவே கொட்டிக் கொடுத்தாள்.

அழுகிய மஞ்சளை அகற்றிவிட்டு, ஐப்பசி ஈரத்தில் கொள்ளை விதைத்தார்கள். மரத்தடியிலிருந்து ஒரு கூடை மண்ணை அள்ளிவந்து, மருந்து வைப்பதைப் போல, பாருக்கு ஒரு பிடி வைத்தாள் பாவாத்தாள். மஞ்சள் கொத்தில் அதுவரை ஒருவரும் செய்யாத காரியம் அது.

தையில் செங்கோடன் வந்து வரப்பில் நின்றார். வயலில் கொள்ளு காய்த்துக் கிடந்தது.

"மஞ்சள் எங்கே?"

"அழுகிப் போச்சுங்க மாமா."

"அழுகினதோட விட்டியா? கண்டவங்க விதையைக் கொண்டாந்து கொட்டி வெச்சிருக்கறே! உன்ற மாமன், பாட்டன், பூட்டன் யாராச்சும் இப்படிச் செஞ்சது உண்டா?"

"அவங்க யாரும் ஒரு இடத்துல இருந்ததும் இல்லீங்களே."

செங்கோடன் வண்டிகள் நின்ற பக்கம் திரும்பினார். "வாக்குல தோத்துட்டே" என்றார்.

"தோத்துட்டேனுங்க. வண்டி ஏறறேன்."

அவள் அழாமல்தான் சொன்னாள். மூட்டையைக் கட்டினாள். மரத்தடிக்குப் போய் நின்றுவிட்டு வந்தாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து பார்த்தபோது, ராக்கியண்ணன் கைகளைக் கட்டிக்கொண்டு வயலின் நடுவே நின்றான்.

"நீ ஏறலையாப்பா?" என்று கேட்டார் செங்கோடன்.

"இல்லீங்க மாமா. வாக்குக் குடுத்தது அவதானுங்களே? என்னைய யாரும் கேட்கவே இல்லை. அன்னைக்கே சொன்னேன், கேட்டிருக்கலாம்னு."

வண்டிகளில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பாவாத்தாள் சிரிக்கவில்லை. வண்டி நகரும்போது அவன் பக்கத்தில் வந்து, சக்கரத்தோடு சேர்ந்து நடந்தான்.

"புள்ளை தனியா இருக்க மாட்டா. நான் பார்த்துக்கறேன்" என்றான். "கொள்ளு எடுத்துட்டு ராகி போடறேன். அதுக்கப்புறம் எள்ளு. நீ போயிட்டு வா. திரும்பி வருவேன்னு எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"உன்ற கொழம்புச் சட்டியை இங்கே விட்டுட்டுப் போறயே."

அவள் விட்டுவிட்டுப் போனது மறதியால் அன்று. அது அவனுக்கும் தெரியும்.

மஞ்சள் கொத்து மேற்கே மலையடிவாரத்துக்குப் போயிற்று. செழித்த நிலம் என்று நம்பி விதை வைத்தார்கள். புரட்டாசியில் இலை பழுத்தது, கிழங்கு கொழகொழத்தது. தோண்டிப் பார்த்தால், இரண்டாண்டுக்கு முன்பு வேறொரு மஞ்சள் கொத்து அங்கே தங்கி மஞ்சள் வேகவைத்துப் போன அடுப்புக்கற்கள் கிடைத்தன. வடக்கே ஆள் அனுப்பினார் செங்கோடன். அங்கேயும் யாரோ இளைக்கவைத்துவிட்டுப் போன மண். தெற்கேயும் அப்படியே. கையில் மிஞ்சியிருந்தது மூன்று மூட்டை விதை மஞ்சள் மட்டும். அதையும் அழுகக் கொடுத்துவிட்டால், அந்தக் கொத்துக்கு மஞ்சள் என்ற பயிரே இல்லாமல் போய்விடும்.

செங்கோடன் வண்டிக்கு மை போடவில்லை. சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "இனி எந்தப் பக்கம் அம்மிணி?" என்று பாவாத்தாளைக் கேட்டார். கொத்துக்காரர் ஒருவர் இந்தக் கேள்வியை இன்னொருவரிடம் கேட்டது அதுவே முதல் முறை.

"வந்த பக்கமேங்க மாமா" என்றாள் அவள்.

சித்திரையில் அவர்கள் திரும்பி வந்தார்கள். அதற்கு முந்தின நாள் இடியிடித்துக் கோடைமழை கொட்டி ஓய்ந்திருந்தது. எள் அறுத்த வயலில் ராக்கியண்ணன் நின்றுகொண்டிருந்தான். தலைமுடி தோளுக்கு வந்திருந்தது.

"இளைச்சுட்டீங்களே" என்றாள் பாவாத்தாள்.

"மண்ணு இளைக்கலை பாரு" என்றான். "பேச்சுத் துணைக்கு இவங்கதான். வருஷம் முழுக்கப் பேசினோம். எதுத்துப் பேசறது உன்னையவிடக் கொஞ்சம் கம்மி."

அவன் காட்டிய இடத்தில், வயலெங்கும், ஈரமண்ணைப் பிளந்துகொண்டு வெள்ளை வெள்ளையாகத் தலைகள் எழும்பியிருந்தன. ஒவ்வொரு தலைக்கும் ஒரு குடை. அதுவரை நூலாகவே இருந்த நூலியர் முதன்முதலாக முகம் எடுத்து வெளியே வந்திருந்தார்கள்.

"இதென்ன கோலம்?" என்றாள் பாவாத்தாள்.

"இடி இடிச்சப்ப உன்ற வண்டிச் சத்தம்னு நினைச்சுட்டோம்" என்றாள் வெண்ணூலி. "நீ வந்துட்டியா, கையில என்ன விதை கொண்டாந்திருக்கறேன்னு பார்க்கத்தான் தலையைத் தூக்கினோம்."

பாவாத்தாள் மடியை விரித்து விதை மஞ்சளைக் காட்டினாள்.

"ராகி கண்டாச்சு, கொள்ளு கண்டாச்சு, எள்ளும் கண்டாச்சு. இந்த வருஷம் மஞ்சள் வை. அடுத்த வருஷம்?" என்றாள் வெண்ணூலி.

"அடுத்த வருஷம் வேற."

"சத்தியமா?"

அவள் வாய் திறப்பதற்குள் செங்கோடன் முன்னால் வந்தார். குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்தார். "இந்த வாக்கை நான் குடுக்கறேன். கொத்து மொத்தத்துக்கும் சேர்த்து" என்றார்.

வெயில் ஏறியது. குடைகள் ஒவ்வொன்றாக மடங்கி மண்ணுக்குள் போயின.

அடுத்த தையில் செங்கோடனே முதல் பாரைத் தோண்டினார். உள்ளங்கையை நிறைக்கிற கிழங்கு, ஒடித்தால் பொன்னாகத் தெறித்தது. பாரின் கடைசியில் மட்டும் ஒரே ஒரு கிழங்கு அழுகியிருந்தது. அவர் அதைத் தூக்கி எறியப் போனார்.

"இருக்கட்டுங்க மாமா" என்று தடுத்தாள் பாவாத்தாள். "அது சின்னவ அழுகினியோட பங்கு. ஒரு வாயோட எழுந்திருச்சுட்டா பாருங்க."

எறியப்போன கிழங்கை இருந்த இடத்திலேயே வைத்து மண்ணை மூடினார் செங்கோடன்.

அன்று தொட்டுத்தான் மனிதர்கள் ஓரிடத்தில் தங்க, பயிர்கள் வயல்விட்டு வயல் நடக்கின்றன. மஞ்சள் எடுத்த மண்ணில் மறு ஆண்டு மஞ்சள் வைப்பதில்லை. அந்த வாக்கை நாம் காப்பாற்றுகிறோமா என்று பார்க்கத்தான் இடியிடித்து மழை பெய்த மறுநாள் காளான் மண்ணைப் பிளந்து தலை நீட்டுகிறது. என்ன விதை கொண்டு வந்திருக்கிறோம் என்று ஒரு பொழுது பார்க்கிறது. பார்த்துவிட்டு, வேரின் விரலைப் பிடித்துக்கொள்ள உள்ளே போய்விடுகிறது.